நட்சத்திரம் அல்லாதவர்

நம்முடைய சினிமா விமர்சனத்தில் ஒரு வழக்கம் உண்டு. கதையைப் பற்றி நாலு பத்தி, கதாநாயகனைப் பற்றி மூன்று பத்தி, பாட்டைப் பற்றி ஒரு பத்தி எழுதி முடிப்பதற்குள் விமர்சகருக்கு மூச்சு வாங்கிவிடுகிறது. கடைசி வரியில், 'மற்றவர்களும் தத்தம் பங்கைக் குறைவறச் செய்திருக்கிறார்கள்' என்று எழுதிக் கணக்கை முடித்துவிடுகிறார். கல்யாண வீட்டில் சம்பந்திகளுக்கெல்லாம் தனித்தனியே சந்தனம் பூசிவிட்டு, சமையற்காரருக்கு வாசலோடு ஒரு கும்பிடு போட்டு அனுப்புகிற மாதிரி! இந்த 'மற்றவர்கள்' யார்? எங்கிருந்து வந்தார்கள்? படத்துக்குப் படம் கதாநாயகர்கள் மாறிக்கொண்டிருக்கும்போது, இவர்கள் மட்டும் நாற்பது வருஷம், ஐம்பது வருஷம் எப்படி நிலைத்து நிற்கிறார்கள்? இந்தக் கேள்விகளை விமர்சனம் கேட்பதே இல்லை.

எனக்கு இவை முக்கியமான கேள்விகளாகப் படுகின்றன. நட்சத்திரமாவதற்கு வழி சொல்ல யாராலும் முடியாது. அது பாதி அதிர்ஷ்டம், பாதி காலத்தின் போக்கு. ஆனால் நடிப்பைத் தொழிலாகக் கொண்டு, அதிலேயே சோறு தின்று, அதிலேயே பேரும் எடுத்து, எண்பது வயதுவரை வேலை செய்வதற்கு ஒரு வழி இருக்கிறது. அதை ஆராய்ந்து பார்க்கலாம், கற்றுக்கொள்ளவும் செய்யலாம்.

பென்னலூரில் இருக்கும் ஓர் இளைஞனை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அவன் என் கற்பனைதான்; ஆனால் அவனைப் போன்றவர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சென்னையிலிருந்து பெங்களூர்ச் சாலையில் பூந்தமல்லியையும் செம்பரம்பாக்கத்தையும் தாண்டி, இருங்காட்டுக்கோட்டையை அடுத்து, ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் வருகிற ஊர் பென்னலூர். ஒரு பொறியியல் கல்லூரி அங்கே இருக்கிறது. பக்கத்தில் 1998 முதல் கார் செய்துவரும் தொழிற்சாலை. சுற்றுப்புறமெங்கும், ஒரகடம் வரையில், சின்னதும் பெரிதுமாக எத்தனையோ ஆலைகள். தென் மாவட்டங்களிலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும் பிள்ளைகள் வந்து, ஓர் அறையில் நாலு பேராகத் தங்கி, ஷிப்டு வேலை பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்கு நடிகனாக வேண்டும் என்று ஆசை. அவன் வேலைக்குப் போகிற அதே சாலையில், செம்பரம்பாக்கத்தில், பெரிய படப்பிடிப்பு வளாகம் ஒன்று இருக்கிறது. பஸ் அதைக் கடந்து போகும்போதெல்லாம் அவன் திரும்பிப் பார்க்காமலா இருப்பான்? 'உத்தியோகத்தை விட்டுவிட்டு உள்ளே நுழைந்துவிடலாமா?' என்று நினைக்காமலா இருப்பான்?

அவனுக்கு நான் உபதேசம் செய்யப் போவதில்லை. ஒருவருடைய தொழில் வாழ்க்கையை எடுத்துக் காட்டப் போகிறேன். டெல்லி கணேஷ் என்ற பெயரைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. ஆனால் அவர் நடிப்பைப் பற்றி விரிவாக ஒரு கட்டுரை படித்த ஞாபகம் உங்களுக்கு இருக்கிறதா?

1944-இல் நெல்லைச் சீமையில் வல்லநாட்டில் பிறந்தவர். 1964-இல் இந்திய விமானப்படையில் சேர்ந்து பத்து வருஷம் உத்தியோகம் பார்த்தார். அந்த உத்தியோக காலத்தில்தான் டெல்லித் தமிழர்களின் தட்சிண பாரத நாடக சபாவில் நடிக்க ஆரம்பித்தார். பிறகு சென்னைக்கு வந்து, காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் சேர்ந்தார். விசுவின் 'பட்டினப் பிரவேசம்' நாடகத்தை கே. பாலசந்தர் 1977-இல் படமாக்கியபோது இவர் திரைக்கு வந்தார். பெயருக்கு முன்னால் 'டெல்லி'யைச் சேர்த்தவரும் பாலசந்தர்தான். அன்றிலிருந்து 2024 நவம்பரில் காலமாகும்வரை நானூறுக்கும் அதிகமான படங்களில் நடித்தார். அந்த வருஷம் வெளிவந்த 'இந்தியன் 2' படத்திலும் அவர் இருக்கிறார்.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சினிமாவில் கால் வைக்கும்போது அவருக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. அதற்குள் அவர் எத்தனை மாலைப்பொழுதுகளை மேடையில் கழித்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். பகலில் சம்பளம்; மாலையில் சாதகம். வயிற்றுப்பாட்டை உத்தியோகம் கவனித்துக்கொண்டதால், கலையைக் காசுக்கு விற்க வேண்டிய அவசரம் அவருக்கு இல்லை.

இது அவர் ஒருவர் கதை மட்டும் அல்ல. நாகேஷ் ரயில்வேயில் குமாஸ்தா. பாலசந்தர் அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸில் இருந்தவர். பூர்ணம் விஸ்வநாதன் டெல்லி வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். மாலை ஐந்து மணிக்கு ஆபீஸை விட்டு, ஆறரை மணிக்கு அரிதாரம் பூசிக்கொண்ட ஒரு தலைமுறை அது. அவர்களுக்கு முந்திய தலைமுறைக்கு பாய்ஸ் கம்பெனிகள் பள்ளிக்கூடமாக இருந்தன. எம். என். நம்பியார் சிறுவயதில் நவாப் ராஜமாணிக்கத்தின் கம்பெனியில் சேர்ந்தவர்தாமே? கம்பெனிகள் கலைந்தபோது சபாக்கள் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. ஆக, நம்முடைய நீடித்த நடிகர்கள் ஸ்டூடியோவில் பிறந்தவர்கள் அல்லர். மேடையில் பிறந்து, ஸ்டூடியோவில் குடியேறியவர்கள்.

சரி, மேடை அவருக்கு என்ன கொடுத்தது? உரக்கப் பேசும் குரலையா? அதுதான் இல்லை. பல நாடக நடிகர்கள் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்று கத்திய கத்தலைக் காமிராவுக்கு முன்னாலும் கொண்டுவந்து கெடுத்தார்கள். டெல்லி கணேஷ் மேடையிலிருந்து கொண்டுவந்தது வேறொன்று: எதிரே நிற்பவன் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கும் பழக்கம். சொல்வதற்கு இது சின்ன விஷயம். ஆனால் நம் படங்களில் பாதிப் பேர் தம்முடைய வசனத்துக்குக் காத்திருக்கிறார்களே தவிர, அடுத்தவர் வசனத்தைக் கேட்பதில்லை. இவர் கேட்கிறார். கேட்கும்போது முகத்தில் ஒரு கணக்கு ஓடுகிறது. பிறகே வாய் திறக்கிறது. அந்த அரை விநாடித் தாமதத்தில்தான் பாத்திரத்துக்கு உயிர் வருகிறது.

1990-இல் வந்த 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தைப் பாருங்கள். கமல்ஹாசன் நாலு வேஷம் போட்டுக்கொண்டு திரையையே ஆக்கிரமித்திருக்கும் படம். அதில் பாலக்காட்டு மணி ஐயர் என்ற சமையற்காரராக இவர் வருகிறார். படம் முழுக்கச் சிரிப்பு. ஆனால் மணி ஐயர் சிரிக்க வைக்க முயல்வதே இல்லை. அவருக்கு எல்லாம் கவலை: பந்தி, மானம், வளர்ப்புப் பிள்ளை. அந்தக் கவலை உண்மையாக இருப்பதனால்தான் மற்றவர்களின் குறும்பு சிரிப்பாகிறது. சுவர் நேராக நின்றால்தானே பந்து திரும்பி வரும்? ஹாஸ்யத்தில் சுவராக நிற்பது பந்தாக இருப்பதைவிடக் கடினம். கைதட்டல் என்னவோ பந்துக்குத்தான்!

1985-இல் வந்த 'சிந்து பைரவி'யில் இன்னொரு வகை. குடித்துவிட்டு வந்ததற்காக வித்வானால் விரட்டப்படும் மிருதங்கக்காரர் குருமூர்த்தி. பின்னால் அந்த வித்வானே குடியில் விழப்போகிறார் என்பது கதையின் வினோதம். இந்த மிருதங்கக்காரரை நடிகர் வெறும் குடிகாரராகக் காட்டியிருந்தால், அந்த வினோதம் நம்மைத் தொட்டிராது. தன் வித்தைமேல் மதிப்பும் தன்மேல் வெட்கமும் உள்ள மனிதராகக் காட்டினார். அதனால் பிற்பாதியில் கதாநாயகனின் வீழ்ச்சிக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. கதாநாயகனின் பாத்திரத்துக்கு ஆழம் சேர்ப்பதும் துணை நடிகரின் வேலைதான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இவரைப் பற்றி ஒரு குறை சொல்வார்கள்: 'எப்போதும் ஐயர் வேஷம்தானே? அவர் பேசுகிற பாஷையே அதுதானே? இதில் நடிப்பு எங்கே வந்தது?' இந்தக் குறைக்கு 1979-லேயே பதில் சொல்லியாகிவிட்டது. துரையின் 'பசி' படத்தில் சென்னைக் குடிசைப் பகுதியில் வாழும் ரிக்‌ஷாக்காரர் வேஷம் இவருக்கு. குப்பை பொறுக்கும் பெண்ணாக வரும் ஷோபாவின் தகப்பன். ஷோபாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. இவருக்கு மாநில அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. நெல்லைச் சீமையில் பிறந்து, டெல்லியில் உத்தியோகம் பார்த்த மனிதர், சென்னைச் சேரியின் பேச்சைத் தன் நாக்கில் குடியேற்றிவிட்டார். அப்படியிருந்தும் அதன் பிறகு இப்படிப்பட்ட வேஷங்கள் அவரைத் தேடி அதிகம் வரவில்லை. குறை நடிகருடையதா, வேஷம் கொடுத்தவர்களுடையதா? ஒரு முறை பொருந்திய சட்டையையே திரும்பத் திரும்பத் தைத்துக் கொடுக்கும் தையற்காரர்கள் நம் தயாரிப்பாளர்கள். 'பசி'யைப் பார்த்த பிறகும் அவருக்கு நானூறு படங்களில் நாற்பது 'பசி'களைக்கூடக் கொடுக்காதது தமிழ் சினிமாவின் நஷ்டம் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் அவர் அதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை. நிலைத்து நிற்பதன் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. 1981-இல் 'எங்கம்மா மகாராணி' என்ற படத்தில் கதாநாயகராகவே நடித்தார். அதன் பிறகு, 'இனி கதாநாயகன்தான்' என்று பிடிவாதம் பிடிக்காமல் தன் இடத்துக்குத் திரும்பினார். அதே வருஷம் '47 நாட்கள்' படத்தில் சிரஞ்சீவிக்குத் தமிழ்க் குரல் கொடுத்தார். முகம் தெரியாத வேலை, இருந்தாலும் வேலைதான். 1989-இல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் நாலு வில்லன்களில் ஒருவர். தொலைக்காட்சி வந்தது, தொடர்களில் நடித்தார். குறும்படம் எடுக்கும் பையன்கள் வந்தார்கள், அவர்களுக்கும் நடித்தார். வேலையில் பெரிது சிறிது பார்க்காததை அடக்கம் என்று சிலர் சொல்வார்கள். நான் அதைத் தொழில் புத்தி என்பேன். கொல்லன் குதிரை லாடமும் அடிப்பான், அரிவாள்மணையும் அடிப்பான். உலை ஆறாமல் இருப்பதுதான் முக்கியம்.

இந்தத் தொழில் புத்தி ஏன் தேவை என்பதைப் பென்னலூர் இளைஞனுக்கு விளக்க வேண்டியதில்லை. கதாநாயகன் படத்துக்கு இவ்வளவு என்று பேசி வாங்குகிறான். சின்ன வேஷக்காரர்கள் பெரும்பாலும் நாள் கணக்குக்கு வாங்குகிறார்கள். கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை எதுவோ, அதுவேதான். ஸ்ரீபெரும்புதூரில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்த செல்போன் தொழிற்சாலை ஒன்று 2014 நவம்பரில் மூடப்பட்டபோது, நிரந்தரம் என்று நம்பியதே நிரந்தரம் இல்லை என்பதை அந்த வட்டாரம் கண்டுகொண்டது. நடிகனுக்கோ ஒவ்வொரு படம் முடியும்போதும் ஒரு தொழிற்சாலை மூடப்படுகிறது. ஆபத்தும் பொதுதான். அந்தச் செம்பரம்பாக்கத்துப் படப்பிடிப்பு வளாகத்திலேயே 2020 பிப்ரவரியில் கிரேன் விழுந்து படக்குழுவினர் மூவர் மாண்டார்கள். வெளிச்சத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள், அதுவும் ஒரு வேலைத்தலம் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆகவே உத்தியோகத்தை விடாதே என்பதுதான் நம் இளைஞனுக்கு டெல்லி கணேஷின் வாழ்க்கை முதலில் சொல்லும் செய்தி. சம்பளம் கலைக்கு விரோதி அல்ல; கற்கும் காலத்தில் அதுவே பெரிய ஆதரவு. நம் காலத்திலும் இதற்குச் சாட்சி உண்டு. விஜய் சேதுபதி, ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறையில் கணக்கு எழுதும் வேலைக்குப் போனவர். சம்பளத்துக்கு வந்த இடத்தில் நடிகர்கள் உடம்பையும் குரலையும் பழக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பசுபதியும் அந்தப் பட்டறையில் உருவானவர்தான்.

ஆனால் இரண்டாவது செய்தியைச் சொல்லும்போது எனக்குத் தயக்கம் வருகிறது. 'மாலையில் மேடைக்குப் போ' என்று அவனுக்குச் சொல்ல வேண்டும். எந்த மேடைக்கு? அன்று விமானப்படை வீரருக்கு டெல்லியில் ஒரு தமிழ் நாடக சபா இருந்தது. ரயில்வே குமாஸ்தாவுக்குச் சென்னையில் நாடகக் குழுக்கள் இருந்தன. இன்று ஆயிரமாயிரம் இளைஞர்கள் சம்பளம் வாங்கும் இந்தச் சாலையில், ஷிப்டு முடிந்து வருகிறவன் போய் ஒத்திகை பார்க்க ஓர் இடம் எங்கே? கைப்பேசியில் தன்னையே படம்பிடித்து அனுப்புகிறான். பார்த்தவர்கள் எத்தனை பேர் என்ற எண் மட்டும் திரும்பி வருகிறது. அந்த எண் இருமாது, கொட்டாவி விடாது, நடுவில் எழுந்து வெளியே போகாது. நடிகனைத் திருத்துவது அந்த இருமலும் கொட்டாவியும்தான். எதிரே இன்னொரு நடிகன் நிற்காத இடத்தில், கேட்கும் கலையை யாரிடம் கற்பது?

செலவு பெரிதல்ல. கல்லூரிக்கு அரங்கம் இருக்கிறது. ஆலைகளுக்கு மண்டபங்கள் இருக்கின்றன. கோயிலுக்குத் திருவிழா இருக்கிறது. முத்துசாமியை வசீகரித்த தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை கிராமம் செய்யாறு பக்கத்தில்தான் இருக்கிறது; எட்டாத தூரமில்லை. வாரம் ஒரு மாலை, ஒரு மேடை, ஐம்பது நாற்காலி போதும். இன்னும் இருபது வருஷம் கழித்துத் தமிழ்ப் படங்களில் மணி ஐயரும் குருமூர்த்தியும் 'பசி'யின் ரிக்‌ஷாக்காரரும் இருப்பார்களா என்பது, ஸ்டூடியோக்களைவிட இந்த ஐம்பது நாற்காலிகளைப் பொறுத்திருக்கிறது. கதாநாயகர்கள் எப்படியும் கிடைப்பார்கள். அவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க எதிரே யார் நிற்கப் போகிறார்கள்?