மாருத் தோற்ற கதை: உள்நாடா வெளிநாடா என்பது தப்பான கேள்வி

போர் விமானம் பற்றித் தமிழில் பேசுகிறவர்கள் பொதுவாக இரண்டு கட்சி. "நம்ம மாருத்தை வெளிநாட்டு மோகம் கொன்னுடுச்சு" என்பது ஒரு கட்சி. "நமக்கு எதுக்கு இந்த வேலை, நல்லதா பார்த்து வாங்கிட்டுப் போயிருக்கலாமே" என்பது இன்னொன்று. இரண்டு கட்சியும் விமானத்தை ஒரே பொருளாகப் பார்க்கின்றன என்பதுதான் என் விமர்சனம். விமானம் ஒரே பொருள் இல்லை. உடல் ஒன்று, என்ஜின் ஒன்று. இரண்டும் வேறு வேறு தொழில், வேறு வேறு காலக்கணக்கு. இதைப் பிரித்துப் பார்க்காமல் மாருத்துக்குத் தீர்ப்பு சொல்ல முடியாது.

முதலில் இத்தாலியைப் பார்த்துவிடுவோம். இந்தச் சிக்கல் அங்கேதான் ரொம்பத் தெளிவாகத் தெரியும்.

மாக்கி நிறுவனத்தின் வடிவமைப்பாளர் மரியோ கஸ்டோல்டி. இவருடைய எம்.சி.72 கடல்விமானம் 1934-ல் மணிக்கு 709 கி.மீ. வேகத்தில் பறந்து உலக சாதனை செய்தது. அதே மனிதர் செய்த சி.200 போர் விமானம் போருக்குள் நுழைந்தபோது 500 கி.மீ. சுற்றித்தான் ஓடியது. கஸ்டோல்டிக்குத் திறமை குறைந்துவிட்டதா? இல்லை. உள்ளே இருந்தது சுமார் 870 குதிரைத்திறன் கொண்ட ஃபியட் ஏ.74 என்ஜின். அவ்வளவுதான் விஷயம். 1940 ஆகஸ்டில் அதே குடும்பத்து உடலில் ஜெர்மன் டைம்லர்-பென்ஸ் டிபி 601 என்ஜினைப் பொருத்தி சி.202 என்று பறக்கவிட்டார்கள். வேகம் 600 கி.மீ.-ஐத் தொட்டது.

ஆக, இத்தாலி உள்நாட்டையும் தேர்ந்தெடுக்கவில்லை, வெளிநாட்டையும் தேர்ந்தெடுக்கவில்லை. உடல் தன்னுடையது, என்ஜின் அடுத்தவருடையது. புத்திசாலித்தனமான முடிவுதான். ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. அந்த என்ஜினை உரிமம் வாங்கித் தயாரித்தது ஆல்ஃபா ரோமியோ. அவர்கள் எத்தனை என்ஜின் தருகிறார்களோ அத்தனை சி.202 தான். அடுத்து இன்னும் சக்திவாய்ந்த டிபி 605 தேவைப்பட்டபோது, பழைய உரிமத்தில் கற்றதை வைத்து அதைச் செய்துவிட முடியவில்லை. மறுபடியும் புது உரிமம், இந்த முறை ஃபியட்டுக்கு. உரிமம் ஒரு பதிப்பின் நகலைத் தரும். அடுத்த பதிப்பை எழுதும் அறிவைத் தராது. மென்பொருள் வேலையில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இப்போது பெங்களூர். 1956-ல் ஃபோக்-வுல்ஃப் 190 புகழ் குர்ட் டாங்க் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்கு வருகிறார். எச்.எஃப்-24 மாருத் 1961 ஜூன் 17 அன்று முதன்முதலில் பறக்கிறது. ஓட்டியவர் சுரஞ்சன் தாஸ். ஒலியைப்போல இரண்டு மடங்கு வேகம் என்பது கனவு. அந்தக் கனவு எந்த என்ஜினை நம்பி இருந்தது என்பதுதான் முக்கியம்: பிரிட்டனின் ஆர்ஃபியஸ் 12. அது அப்போது முழுதாகத் தயாராகாத என்ஜின். பிரிட்டன் அதைக் கைவிட முடிவு செய்தபோது, மேம்பாட்டுச் செலவை இந்தியா ஏற்றால் தொடரலாம் என்ற வாய்ப்பு இருந்தது. நாம் ஏற்கவில்லை. கையில் இருந்தது நாட் விமானக் குடும்பத்து ஆர்ஃபியஸ் 703. அதை வைத்தே மாருத் பறந்தது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆர்ஃபியஸ் 703-ன் உந்துவிசை 4,850 பவுண்டு. இரண்டுக்கும் சேர்த்து 9,700. ஆர்ஃபியஸ் 12 பின்னெரிப்போடு தந்திருக்க வேண்டியது 8,170. இரண்டுக்கும் சேர்த்து 16,340. மாருத்தின் அதிகபட்சப் புறப்பாட்டு எடை சுமார் 24,000 பவுண்டு. எடைக்கு உந்துவிசை விகிதம் 0.68 வந்திருக்க வேண்டிய இடத்தில் 0.40 வந்தது. இதற்கப்புறம் எந்த டாங்க் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. எங்க கோலியனூர் பக்கம் போர் போடுகிறவர்களுக்கு இது தெரிந்த கதைதான். ஆழத்துக்குப் பத்தாத மோட்டாரை இறக்கிட்டு, தண்ணி வரலைன்னு கிணத்தைத் திட்டக்கூடாது.

மாற்று என்ஜினுக்காக நாம் அலையாமல் இல்லை. எகிப்தில் ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் குழு செய்துகொண்டிருந்த இ-300 என்ஜினைச் சோதிக்க ஒரு மாருத்தே அங்கே போனது. அந்தத் திட்டமும் நின்றுபோனது. 703-க்கே பின்னெரிப்பு சேர்க்கும் முயற்சியும் நடந்தது. 1970 ஜனவரி 10 அன்று அந்த வகை மாருத் விபத்துக்குள்ளாகி சுரஞ்சன் தாஸ் இறந்தார். முதன்முதலில் இந்த விமானத்தைப் பறக்கவிட்ட அதே மனிதர். "மாருத் தோல்வி" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறவர்கள் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சரி, அப்போ மாருத் மோசமான விமானமா? 1971 போரில் ராஜஸ்தான் பகுதியில் தரைத் தாக்குதலுக்குப் போன மாருத்துகள் ஒன்றுகூட வான்சண்டையில் வீழவில்லை. ஒரு என்ஜின் அடிபட்டும் இன்னொன்றில் திரும்பி வந்தவை உண்டு. உடல் உறுதி, தாழப் பறப்பதில் நிதானம். மொத்தம் 147 செய்தோம். ஆகவே "நம்மால் முடியாது" கட்சியின் வாதம் இங்கே நிற்காது.

"வெளிநாட்டு மோகம்" கட்சிக்கும் ஒரு பதில் உண்டு. 1962-ல் மிக்-21-ஐத் தேர்ந்தெடுத்தது மோகம் இல்லை. ஒலியைவிட வேகமாகப் போகும் இடைமறிப்பு விமானம் உடனடியாகத் தேவைப்பட்டது, மாருத்தால் அது முடியாது. நான் குற்றம் சொல்வது அந்தத் தேர்வை இல்லை, இரண்டு வேறு முடிவுகளை. ஒன்று, இன்னும் பிறக்காத ஒரு என்ஜினை மட்டும் நம்பி உடலை வரைந்தது. இரண்டு, அந்த என்ஜினுக்குப் பணம் கொடுக்கும் வாய்ப்பு வந்தபோது கொடுக்காமல் விட்டது. இரண்டாவதுதான் பெரிய தப்பு. அந்தப் பணத்தில் என்ஜின் மட்டும் வந்திருக்காது, என்ஜின் மேம்பாட்டில் உட்காரும் ஒரு நாற்காலியும் வந்திருக்கும். கோராபுட்டில் மிக் என்ஜின்களைப் பல பத்தாண்டு தயாரித்தோம். ஆனாலும் புது என்ஜின் வடிவமைக்கும் திறன் அதிலிருந்து தானாக முளைக்கவில்லை. ஆல்ஃபா ரோமியோ கதையேதான்.

தேஜஸ் இந்தப் பாடத்தில் பாதியைக் கற்றது. காவேரி என்ஜினுக்காகக் காத்திருக்காமல் அமெரிக்க எஃப்404-ஐப் பொருத்தி 2001 ஜனவரி 4-ல் பறந்துவிட்டது. அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் இன்று சூலூரில் தேஜஸ் படைப்பிரிவே இருந்திருக்காது. காவேரி 2008-ல் தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. 1998 அணுச் சோதனைக்குப் பிறகு அமெரிக்கத் தடை வந்தபோது பறத்தல் கட்டுப்பாட்டு மென்பொருளை நம் ஆட்களே முடித்தார்கள். மென்பொருளில் அது முடிந்தது. என்ஜினில் அதே வித்தை நடக்காது. உலோகவியல், வெப்பப் பூச்சு, ஆயிரக்கணக்கான மணி நேரச் சோதனை எல்லாம் ராத்திரி கண்விழித்து முடிக்கிற வேலை இல்லை.

கற்காத மீதிப் பாதிக்கு இப்போது விலை கொடுக்கிறோம். 2021-ல் 83 தேஜஸ் மார்க்-1ஏ ஆர்டர் போட்டோம். அதற்கான முதல் என்ஜின் வந்தது 2025 மார்ச்சில். கட்டிய உடல்கள் என்ஜினுக்காகக் காத்திருந்தன. அந்தச் செப்டம்பரில் மிக்-21 ஓய்வு பெற்றது. படைப்பிரிவுகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும்போது இது வெறும் வரலாற்று ஆராய்ச்சி இல்லைங்க.

அடுத்து எஃப்414 பற்றியோ புதிய கூட்டுத் தயாரிப்பு பற்றியோ செய்தி வந்தால், "உள்நாடா வெளிநாடா" என்று கேட்காதீர்கள். மூன்று கேள்வி போதும். என்ஜின் இன்று சோதனை மேடையில் ஓடுகிறதா, காகிதத்தில் இருக்கிறதா? தருகிறவர் நிறுத்திவிட்டால் நம் கையில் என்ன மிஞ்சும்? அடுத்த பதிப்பை வரையும் மேசையில் நமக்கு இடம் உண்டா? மாருத்துக்கு மூன்றிலுமே பதில் சரியாக இல்லை. தேஜஸுக்கு முதலாவது மட்டும் சரி.