எதைப் பிடிப்பது, எதை விடுவது?

2025 வேதியியல் நோபல் பரிசு கிடாகவா, ராப்சன், யாகி மூவருக்கும் கிடைத்ததிலிருந்து மாஃப் எனப்படும் உலோகக் கரிமச் சட்டகங்களைப் பற்றி நிறைய எழுதுறாங்க. சர்க்கரைக் கட்டி அளவுள்ள பொருளுக்குள் ஒரு கால்பந்து மைதானத்தின் பரப்பு அடங்கும் என்பதோடு பெரும்பாலும் முடிச்சிடுறாங்க. ஆனா வாயுக்களைப் பிரிக்க இடம் மட்டும் போதாது. எதைப் பிடிப்பது, எதை விடுவது என்பதுதான் கேள்வி. அதை நேராகக் கேட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையை இங்கே பார்க்கலாம்: லிபோ லி, பாங்லின் சென் குழுவினர் 2018 அக்டோபரில் சயின்ஸ் இதழில் எழுதியது.

முதலில் சிக்கல் என்னன்னு பார்ப்போம். ஈத்தேனை உலையில் சூடாக்கி உடைச்சா எத்திலீன் கிடைக்கும். பாலித்தீன் பை, சொட்டுநீர்க் குழாய் எல்லாத்துக்கும் மூலப்பொருள் அதுதான். குஜராத் ஆலைகளுக்காக ரிலையன்ஸ் 2017 முதல் அமெரிக்க ஈத்தேனைக் கப்பலில் கொண்டுவருது. உடையாமல் மிஞ்சும் ஈத்தேன் எத்திலீனோடு கலந்தே வெளியே வரும். இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டே இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள். கொதிநிலை மைனஸ் 104, மைனஸ் 89 டிகிரி. அதனால குளிரூட்டிய உயரமான கோபுரங்களில் திரும்பத் திரும்ப ஆவியாக்கித்தான் பிரிக்கணும். எத்திலீன், புரோப்பிலீன் இரண்டையும் இப்படிச் சுத்திகரிக்க மட்டும் உலகின் மொத்த ஆற்றலில் 0.3 சதவீதம் போகுதுன்னு ஷோல், லைவ்லி இருவரும் 2016இல் நேச்சர் இதழில் எழுதினாங்க.

2012இல் பெர்க்லி குழு ஓர் இரும்பு மாஃபைக் காட்டியது. எத்திலீனின் இரட்டைப் பிணைப்பு திறந்திருக்கும் இரும்பில் ஒட்டிக்கொள்ளும், ஈத்தேன் கடந்து போயிடும். நல்ல யோசனைதான். ஆனா ஒட்டினது நமக்கு வேண்டிய பொருள். அதை மறுபடி இழுத்து எடுக்கணும், அப்போ இடுக்கில் கிடக்கும் ஈத்தேனும் கூடவே வரும்.

2018 கட்டுரை இதைத் தலைகீழாக்குது. அதே இரும்பில் ஆக்சிஜனை ஏற்றி அடைத்துவிட்டால், பொருள் ஈத்தேனை அதிகம் பிடிக்குது. குழாயின் மறுமுனையில் 99.99 சதவீத எத்திலீன் நேரடியா வருது. எங்க சிவகிரிப் பக்கம் சுளகில் அரிசியைப் பரப்பினா கல்லைத்தான் பொறுக்குவாங்க. அரிசியை ஒவ்வொண்ணா பொறுக்கிட்டுக் கல்லை மிச்சம் வைக்க மாட்டாங்க. குறைவா இருக்கிறதைப் பிடி என்ற அந்தப் புத்திதான் இந்தக் கட்டுரையின் பலம்.

என் குறை வேறு இடத்தில். சம அளவு கலவையில் இதன் தேர்வுத்திறன் 4.4. அதாவது ஓர் எத்திலீன் மூலக்கூறுக்கு 4.4 ஈத்தேன் உள்ளே போகும். ஆனா எத்திலீன் 90, ஈத்தேன் 10 என்ற கலவையை எடுத்துக்குங்க. தேர்வுத்திறன் மாறாதுன்னு வைச்சுக்கிட்டாலும், 4.4ஐ 9ஆல் வகுத்தா சுமார் 0.49. துளைகளில் ஓர் ஈத்தேனுக்கு ஏறக்குறைய இரண்டு எத்திலீன் உட்கார்ந்திருக்கும்! ஒரு கல்லோடு இரண்டு அரிசியையும் சேர்த்துப் பொறுக்கிப் போட்ட மாதிரி. வெளியே வருவது சுத்தம்தான். உள்ளே மாட்டினதை மீட்கத் தனியா ஆற்றல் செலவாகும். சுருக்கவுரையில் முன்னால் நிற்பது தூய்மையின் எண்தான். எவ்வளவு மீண்டது என்ற எண்ணுக்கும் அதே இடம் கொடுத்திருக்கணும்.

இன்னொண்ணு, இந்தப் பொருளுக்குக் காற்று ஆகாது. ஆய்வகத்தில் காற்றுப் புகாத பெட்டிக்குள் கையாளலாம். ஆலையில் டன் கணக்கில் நிரப்புவது வேறு கதை.

இதனால கட்டுரையின் மதிப்பு குறையலை. கேள்வியைத் திருப்பிப் போட்டதே பெரிய காரியம். ஆனா அடுத்த முறை "99.99" என்று தலைப்புச் செய்தி பார்த்தீங்கன்னா மூணு விஷயம் தேடுங்க: கலவையின் விகிதம் என்ன, எவ்வளவு எத்திலீன் மீண்டது, பிடிச்சதை விடுவிக்க என்ன செலவு. இந்த மூணும் இல்லாத வரைக்கும் கோபுரங்கள் நின்ற இடத்திலேயே நிற்கும்.