ரூட்டரின் ஆயுளை யார் முடிவு செய்வது?

வீட்டு ரூட்டர் நன்றாகத்தான் ஓடுது. ஆனால் தயாரித்த நிறுவனம் ஃபெர்ம்வேர் தருவதை எப்போதோ நிறுத்திவிட்டது. இனி ஓட்டை தெரிந்தாலும் அடைக்க ஆளில்லை. அதனால் ஓபன்டபிள்யூஆர்டி போட்டுப் பார்த்தேன்.

லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டருக்குள் லினக்ஸ் இருந்ததால், ஜிபிஎல் உரிமப்படி 2003-ல் அதன் மூலநிரலை வெளியிட வேண்டியதாயிற்று. அதிலிருந்து 2004-ல் பிறந்த திட்டம் இது.

நிறை: நிறுவனம் கைவிட்ட பெட்டிக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் வருகின்றன. குறை: நிறுவியதும் பெரும்பாலும் வைஃபை அணைந்தே இருக்கும். கடவுச்சொல்லே இல்லாத பெட்டியை ஊருக்குத் திறந்துவைக்க முடியாது, அந்த முடிவு சரிதான். ஆனால் கடவுச்சொல் இல்லை என்று முகப்பிலேயே எச்சரிப்பவர்கள், வைஃபையை எங்கே முடுக்குவது என்றும் அங்கேயே சொல்லலாமே! லேன் கேபிளை மாட்டி 192.168.1.1-க்குப் போகத் தெரியாதவர், ரூட்டர் செத்துப்போச்சுன்னு நினைப்பார்.

இங்கேயும் ஆயுளுக்கு எல்லை உண்டு. 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ராம் பெட்டிகளுக்கு 19.07-தான் கடைசி. ஆனால் இடம் போதவில்லை என்று காரணத்தை வெளிப்படையாகச் சொன்னார்கள். என் ரூட்டர் நிறுவனம் அதைக்கூடச் செய்யவில்லை.

வாங்குமுன் பெட்டியின் விலையோடு ஃபிளாஷ் அளவையும் பாருங்கள்.