பேரரசு இல்லாத கடல்

டானா ஸ்டாஃப் எழுதிய 'ஸ்க்விட் எம்பயர்' 2017-ல் வெளியானது. 2020-ல் அதே நூல் 'மோனார்க்ஸ் ஆஃப் த சீ' என்ற பெயரில் மறுபதிப்பு கண்டது. பேரரசு போய் மன்னர்கள் வந்தார்கள். சிம்மாசனம் மட்டும் அப்படியே இருக்கிறது.

கணவாய், ஆக்டோபஸ், நாட்டிலஸ், அழிந்துபோன அம்மோனைட்டுகள் ஆகிய தலைக்காலிகளின் ஐம்பது கோடி ஆண்டுக் கதையை இவ்வளவு சுவாரசியமாகச் சொன்ன பொதுவாசிப்பு நூல்கள் குறைவு. ஸ்டாஃப் கணவாய்க் குஞ்சுகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். கல்லாகிப்போன ஓட்டுக்குள் ஒரு உயிர் எப்படி நீந்தியிருக்கும், எப்படிக் குஞ்சு பொரித்திருக்கும் என்று அவர் யோசிக்கும் பக்கங்கள் அருமையானவை. என் சண்டை அவரது அறிவியலோடு இல்லை, 'எழுச்சியும் வீழ்ச்சியும்' என்கிற சட்டகத்தோடு.

டென்மார்க்கின் ஃபாக்ஸே சுண்ணாம்புக்கல் குவாரியை எடுத்துக்கொள்வோம். சுமார் 6.3 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, வெளிச்சம் எட்டாத ஆழத்தில் வளர்ந்த பவளத்திட்டு அது. அங்கே நாட்டிலஸின் உறவினங்கள் கிடைக்கின்றன, அம்மோனைட் கிடையாது. அதே தீவிலுள்ள ஸ்டெவன்ஸ் கடற்பாறையில், அழிவின் எல்லைக்கோட்டுக்குக் கீழே அம்மோனைட்டுகள் இருக்கின்றன. கோட்டுக்குச் சற்று மேலேயும் சில இனங்கள் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்ததற்குச் சான்று உண்டு. ஒரே நாளில் கோட்டை விழவில்லை. ஒரு சமூகம் கலைந்து, மிஞ்சியவர்களைக் கொண்டு இன்னொன்று கூடியது.

ஏன் நாட்டிலஸ் மிஞ்சியது? அது பலசாலி என்பதால் அல்ல. அம்மோனைட் குஞ்சு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான்; மேல்நீரில் மிதவை உயிரிகளோடு வாழ்ந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. நாட்டிலஸ் முட்டை பொரிய ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும். குஞ்சு இரண்டரை சென்டிமீட்டர் அளவில், சொந்த ஓட்டோடு வெளியே வரும். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு விண்கல் மோதி மேல்நீர் உணவுச்சங்கிலி குலைந்தபோது யாருக்கு அடி விழுந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

இன்னும் ஒரு விஷயம். 25 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பெர்மியன் பேரழிவில் அம்மோனைட் வகையறாவில் விரல்விட்டு எண்ணக்கூடிய கிளைகளே பிழைத்தன. ஆனால் வெகுவேகமாகப் பெருகிக் கடலை மறுபடி நிரப்பின. ஏராளமான சின்னக் குஞ்சுகள் என்கிற வழி அப்போது உதவியிருக்கலாம். பின்னர் அதே வழிதான் கழுத்தைப் பிடித்தது. இதில் எது எழுச்சி, எது வீழ்ச்சி?

இந்த விவரங்களில் பலவற்றை ஸ்டாஃபின் நூல் வழியாகவே ஒருவர் வந்தடையலாம். ஆனால் புத்தகத்தை மூடியதும் மனதில் நிற்பது முட்டை அல்ல, கிரீடம். நமக்கு இந்தக் கிரீடம் இன்னும் சுலபமாகப் பிடித்துப்போகும். கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிற அதே அரியலூர் மாவட்டத்து மண்ணில்தான் அம்மோனைட்டுகளும் கிடைக்கின்றன. 'கடலை ஆண்டவை' என்று எழுத நம் கை தானாகப் போகும்.

மென்பொருள் துறையிலும் இதே பழக்கம்தான். பதினைந்து வருடமாக ஓடுகிற சிஸ்டத்தை 'பிரமாதமான டிசைன்' என்போம். பல நேரம் அதைத் தொட வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை, அவ்வளவுதான். பிழைத்தவர் தகுதியால் பிழைத்தார் என்று நம்பிவிட்டால், அழிந்தவர்மேல் பழி போடுவது சுலபம். இனங்களைப் பற்றி மட்டுமல்ல, மனிதர்களைப் பற்றியும் நாம் அப்படித்தான் பேசுகிறோம்.

நூலை அவசியம் வாசியுங்கள். தலைப்பை மட்டும் நம்பாதீர்கள்.