வாளின் ஊர் அலகிலா, பிடியிலா?

"சமணருக்கு வாளிடம் என்ன வேலை?" என்றார் என் துணைவியார். வாளைவிட, அதன்கீழ் ஒட்டியிருந்த சீட்டுதான் என்னை உறுத்தியது.

நம் சங்க நண்பர் வீட்டுக் கூடத்தில் ஒரு நேர்வாள் தொங்குகிறது. 1941 ஜனவரியில் இந்தியப் படைகள் சூடானின் கஸ்ஸலா வழியாக எரித்திரியாவுக்குள் நுழைந்தபோது உடன் சென்ற தாத்தா கொண்டுவந்தது. பழம்பொருள் வியாபாரி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "ஜெர்மன் வாள், சிலுவைப்போர் வகை" என்று எழுதித் தந்துவிட்டார். தாத்தா சும்மா கதை விட்டிருக்கிறார் என்றே வீட்டாரும் முடிவு கட்டிவிட்டார்கள். இந்தத் தீர்ப்பு பிழை என்பது அடியேன் கருத்து.

வியாபாரி கண்டது அலகிலுள்ள இரு பிறை முத்திரைகளை. ஜெர்மனியின் சோலிங்கன் அலகுகள் ஆப்பிரிக்கச் சந்தைகளுக்குப் போனது உண்மையே. ஆனால் பேர்போன ஐரோப்பிய முத்திரைகளை உள்ளூர்க் கொல்லர்களும் வெட்டினார்கள். நாற்பது வருஷம் பாத்திரக்கடை நடத்தியவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்! அலகு அசல் ஜெர்மன் சரக்காகவே இருக்கட்டும். அதற்குப் பிடி போட்டு, உறை தைத்து, தோளில் மாட்டியவர் யார்?

பிடியைப் பாருங்கள். முனை விரிந்த இரும்புக் குறுக்குக்கை, தோல் சுற்றிய கைப்பிடி, தட்டையான வட்டக் குமிழ். தோலுறையோ நுனிக்குச் சற்று முன் இலைபோல் அகன்று பின் குறுகுகிறது. இவை சூடானின் 'கஸ்காரா' வாளுக்குரிய அடையாளங்கள். சகாராவின் துவாரெக் மக்களுடைய 'தகூபா'வும் நேர்வாள்தான். ஆனால் அதன் கைக்காப்பு பெட்டிபோல் குட்டையானது, தோலோ பித்தளையோ போர்த்தியது. அலகை மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரித்தறிவது கடினம்.

சிலுவைப்போர்க் கதை, சிலுவை போன்ற பிடியைக் கண்டு 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் பரப்பியது. சாயல் ஒத்திருந்தால் சொந்தமாகிவிடுமா?

அதற்காக, கஸ்ஸலாவில்தான் செய்தார்கள் என்று நான் துணியமாட்டேன். கைக்கு வந்த ஊர் வேறு, செய்த ஊர் வேறாக இருக்கலாம். சூடான் வாள் என்பதுவரைதான் சான்று. தாத்தா சொன்னதும் அவ்வளவுதானே!

வடக்கே வந்த புதிதில் நம் எல்லோருக்கும் 'மதராசி' என்று ஒரே சீட்டு ஒட்டினார்கள். அந்த வலி தெரிந்த நாம் இன்னொருவர் பொருளுக்குச் சீட்டு எழுதும்போது கொஞ்சம் நிதானிக்க வேண்டாமா? நண்பர் இப்போது சீட்டை மாற்றிவிட்டார். அதில் தாத்தா பெயரும் இருக்கிறது.