கோச்சை மாத்தினால் போதுமா? சென்னையின் எஃப்சியும் மூன்று 27-களும்

ஓசூரில் இருந்துகொண்டு சென்னையின் எஃப்சி ரசிகனாக இருப்பது கொஞ்சம் வேடிக்கையான விஷயம். பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம் எனக்கு 40 கிலோமீட்டர். சென்னை நேரு ஸ்டேடியம் 300 கிலோமீட்டருக்கும் மேல். பக்கத்து ஊர் டீமை விட்டுவிட்டு தூரத்து டீமைப் பிடித்துக்கொண்டதற்கு மொழியைத் தவிர வேறு காரணம் என்னிடம் இல்லை.

2018 மார்ச் 17-ஆம் தேதி அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி கண்டீரவாவுக்குப் போனேன். இறுதி ஆட்டம், அதுவும் பெங்களூரு எஃப்சியின் சொந்த மைதானத்தில். சுனில் சேத்ரி 9-வது நிமிடத்திலேயே கோல் போட்டார். முடிந்தது கதை என்று நினைத்தேன். மெயில்சன் ஆல்வ்ஸ் தலையால் முட்டி இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று. 3-2, கோப்பை நமக்கு. சுற்றிலும் எல்லாரும் அமைதியாக உட்கார்ந்திருக்க, நான் கத்தவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நின்றது இன்னும் ஞாபகம் இருக்கிறது. 2015-க்குப் பிறகு இரண்டாவது கோப்பை. மூன்றாவது இன்னும் வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2025 கோடையில், ஓவன் கொய்ல் போன பிறகு, கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் நண்பர் தினமும் ஒரே கேள்வியைக் கேட்பார். அவர் பெங்களூரு ஆள். "என்ன சார், உங்க கோச் யாருன்னு தெரிஞ்சுதா?" எனக்கு எரிச்சலாக வரும். என்னைப் போன்ற ரசிகர்கள் எல்லாரும் அப்போது அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தோம். யார் வருவார்? எப்போது வருவார்? ஏன் இவ்வளவு தாமதம்? நானும் சேர்ந்து கத்தியவன்தான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எக்ஸெல் ஷீட்டில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். பார்த்த பிறகு, நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியே தப்பு என்று தோன்றியது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் எட்டாம் இடம். 2020-21 சீசனில் ஹங்கேரிக்காரர் சாபா லாஸ்லோ கோச். எட்டாம் இடம். 2021-22-இல் மாண்டினீக்ரோவின் போசிதார் பாண்டோவிச். கோவாவிடம் 0-5 என்று தோற்றதும் சீசன் முடியும் முன்பே அனுப்பப்பட்டார், மீதி ஆட்டங்களை சையது சாபிர் பாஷா பார்த்துக்கொண்டார். எட்டாம் இடம். 2022-23-இல் ஜெர்மனியின் தாமஸ் பிரடாரிச். எட்டாம் இடம். மூன்று வருஷமும் லீகில் 11 டீம். மூன்று நாட்டுக் கோச்சுகள், மூன்று விதமான ஆட்டம், ஒரே எட்டு.

அடுத்தது 27. பிரடாரிச்சின் சீசனில் 20 ஆட்டங்களில் 27 புள்ளிகள். 2023-24-இல் கொய்ல் திரும்பி வந்தார், 22 ஆட்டங்களில் 27 புள்ளிகள். 2024-25-இலும் அவரே, 24 ஆட்டங்களில் 27 புள்ளிகள். முதல் 27-க்கு எட்டாம் இடம், இரண்டாவது 27-க்கு ஆறாம் இடம், மூன்றாவதுக்கு 13 டீம்களில் பதினொன்றாம் இடம். ஆறாவதாக வந்தபோது பிளே-ஆஃப் கிடைத்தது. கோவாவிடம் 2-1 என்று தோற்றாலும், "டீம் சரியான பாதையில் போகுது" என்று நாங்கள் பேசிக்கொண்டோம். உண்மையில் ஆட்டத்துக்கு 1.35 புள்ளி, 1.23 ஆகி, பிறகு 1.13 ஆகியிருந்தது. கீழே இறங்கிக்கொண்டிருந்த டீமைத்தான் ஏறுகிறது என்று கொண்டாடியிருக்கிறோம்.

என் வேலையில் ஒரு பாடம் உண்டு. ஒரு இன்புட்டை மூன்று முறை மாற்றியும் அவுட்புட் மாறவில்லை என்றால், பிரச்சினை வேறு எங்கேயோ இருக்கிறது. சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்களிடம் கேட்டால் இதையே இன்னும் எளிதாகச் சொல்வார்கள்: மெஷின் தேஞ்சு கிடக்கு, சூப்பர்வைசரை மாத்தி என்ன பிரயோஜனம்?

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2019-20. ஜான் கிரெகரி ஆறு ஆட்டங்களில் ஒரே வெற்றியோடு விலகினார். டிசம்பரில் கொய்ல் வந்தார். அதே டீம் இறுதி ஆட்டம் வரை போனது. பிறகு கோச் மாறினால் எல்லாம் மாறும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் அந்த டீமில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். நெரியுஸ் வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல் போட்டு தங்க பூட் வாங்கினார். பின்னால் கிரிவெல்லாரோ. இந்திய வீரர்களில் அனிருத் தாபா, சாங்டே. இவர்கள் யாரையும் கொய்ல் கொண்டுவரவில்லை, எல்லாரும் அவர் வருவதற்கு முன்பே இருந்தவர்கள். பிறகு என்ன ஆனது? கொய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார், வால்ஸ்கிஸும் அங்கேயே போனார். சாங்டே 2022-இல் மும்பைக்கு, தாபா 2023-இல் மோகன் பகானுக்கு. அதே கொய்ல் ஜாம்ஷெட்பூரில் 2021-22 லீக் ஷீல்டை வென்றார். அதே கொய்ல் சென்னைக்குத் திரும்பி வந்து எடுத்தது இரண்டு 27. ஆள் ஒருவர்தான், டீம்தான் வேறு. அந்த மூன்று வரிகளையும் ஷீட்டில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இதை வெளிநாட்டில் முறையாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். பாஸ் டெர் வேல் என்ற பொருளாதார ஆய்வாளர் நெதர்லாந்து லீகின் 1986 முதல் 2004 வரையிலான தகவல்களை எடுத்துக்கொண்டார். சரிவில் இருந்தபோது கோச்சை நீக்கிய டீம்கள் பிறகு மீண்டன, உண்மை. ஆனால் அதே அளவு சரிவில் இருந்தும் கோச்சை நீக்காத டீம்களும் அதே போல மீண்டன. மிக மோசமான நாளுக்கு அடுத்த நாள் பெரும்பாலும் கொஞ்சம் நல்ல நாளாகத்தான் இருக்கும். அந்தப் பெருமை புதிதாக வந்தவர் கணக்கில் போய்ச் சேர்கிறது, அவ்வளவுதான். பெரிய உதாரணம் வேண்டுமென்றால் மான்செஸ்டர் யுனைடெட். 2013-இல் ஃபெர்குசன் ஓய்வு பெற்ற பிறகு அவர்கள் தேடாத கோச் இல்லை.

அப்படியானால் கிளப் மேல் தப்பே இல்லையா? இருக்கிறது, ஆனால் நாங்கள் திட்டும் இடத்தில் இல்லை. ஐஎஸ்எல்லில் 2021-22 முதல் களத்தில் நான்கு வெளிநாட்டு வீரர்கள்தான் ஆடலாம். மீதி ஏழு பேர் இந்தியர்கள். அப்படியென்றால் நல்ல இந்திய வீரர்களை வளர்ப்பதும், வளர்ந்தவர்களை விடாமல் வைத்துக்கொள்வதும்தான் முக்கிய வேலை. தாபாவையும் சாங்டேவையும் விட்டுவிட்டு எந்த நாட்டில் கோச் தேடினாலும் அந்த ஓட்டை அடையாது. கடைசியாக வந்தாலும் கீழ் லீகுக்கு இறக்கப்படும் பயமும் இந்த லீகில் இருக்கவில்லை. 2018-19-இல் நாம் 18 ஆட்டங்களில் வெறும் 9 புள்ளியோடு கடைசியில் வந்தோம், ஒன்றும் ஆகவில்லை. அதே சீசனில் கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி, சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸின் பயிற்சியில் ஐ-லீக் சாம்பியன் ஆனது. அதற்காக அவர்களுக்கு மேல் லீகில் இடம் கிடைக்கவில்லை. தோற்றவனுக்குத் தண்டனை இல்லை, ஜெயித்தவனுக்கு ஏற்றம் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் கோபத்தைக் காட்ட ஒரு ஆள் வேண்டும் இல்லையா? கோச்தான் கிடைத்தார்.

ரசிகர்களாகிய எங்களையும் குறை சொல்ல வேண்டும். கோச் என்பது ஒரு முகம், ஒரு பெயர். திட்டலாம், வரவேற்கலாம். ஒப்பந்தம், லைசென்ஸ், ஒளிபரப்பு உரிமை, அகாடமி இவற்றுக்கு முகம் கிடையாது. 2025 ஜூலையில் கூட்டமைப்புக்கும் லீகை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான 15 வருஷ ஒப்பந்தம் முடியப்போவதால் லீகே நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த மாதம் இந்திய அணிக்கும் கோச் தேடல் நடந்தது. 170 பேர் விண்ணப்பித்தார்கள் என்றார்கள். ஷாவியின் பெயரில் வந்த விண்ணப்பம் போலி என்று பிறகு கூட்டமைப்பே சொன்னது. நாங்களோ ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், ஷாவி வருவாரா என்று இரண்டு நாள் பேசினோம்.

ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. அன்று இரவு சாப்பிடும்போது என் பையன் கேட்டான்: "அப்பா, அடுத்த வருஷம் நம்ம டீம் இருக்குமா?" பன்னிரண்டு வயசு. கோச் யாருன்னு அவன் கேட்கவில்லை. இத்தனை நாள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

அக்டோபரில் கிளிஃபர்ட் மிராண்டா கோச்சாக வந்தார். ஒடிசாவுக்கு 2023 சூப்பர் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர், இந்தியர். நல்ல தேர்வு என்றே நினைக்கிறேன். பஸ்ஸில் நண்பர் மறுபடி ஆரம்பித்தார்: "சார், இவரு எத்தனை மாசம்?" இந்த முறை எரிச்சல் வரவில்லை. "அதை விடுங்க சார், எங்க டீம்ல 22 வயசுக்குக் கீழ எத்தனை பேர் ஆடுறாங்கன்னு கேளுங்க" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க டீம்லயே எத்தனை பேருன்னு தெரியலையே" என்றார். அத்திப்பள்ளி வரைக்கும் இரண்டு பேரும் போனில் அதைத்தான் தேடிக்கொண்டு போனோம்.