கையில் ஏந்திய கோலா

ஆஸ்திரேலியாவுக்குப் போய் வந்தவர்கள் எழுதும் பிரயாணக் கட்டுரைகளில் ஒரு கோலா கட்டாயம் வந்துவிடும். அதைக் கரடி என்பார்கள். அது கரடியே அல்ல. கங்காருவைப் போல் குட்டியை வயிற்றுப் பையில் வளர்க்கும் பிராணி. எழுதியவர் அதை ஏந்தி நிற்கும் படமும் இருக்கும். அவருடைய ஆனந்தத்துக்கு ஒரு பக்கம். கோலாவுக்கு இரண்டு வரி.

பிரிஸ்பேன் நகரத்து லோன் பைன் சரணாலயம் 1927-ல் இரண்டு கோலாக்களுடன் தொடங்கிற்று. அதே வருஷம் ஆகஸ்டில் குவீன்ஸ்லாந்து அரசாங்கம் கோலா வேட்டைக்கு அனுமதி தந்தது. ஒரே மாதத்தில், தோலுக்காக, ஐந்து லட்சத்துக்கு மேல் மாண்டன. இதைச் சொல்லாமல் கோலாவின் அழகை மட்டும் வர்ணித்தால் அது பாதிக் கதைதான்.

பார்வையாளர் கையில் கோலாவைக் கொடுக்கும் வழக்கத்தை லோன் பைன் 2024-ல் நிறுத்திவிட்டது. பலருக்கு ஏமாற்றம். எனக்கு அது நல்ல இலக்கிய ரசனையாகவும் தோன்றுகிறது. சத்துக் குறைந்த யூகலிப்டஸ் இலையைத் தின்று, நாளில் இருபது மணி நேரம் வரை தூங்கிப் பிழைக்கும் ஜீவன் அது. அதைக் கிளையிலேயே விட்டுப் பார்த்தால்தான் அதன் குணம் தெரியும்.

அங்கேயே கங்காருக்கள் திரியும் புல்வெளி ஒன்று உண்டு. தீனியை நீட்டலாம், வருவதும் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் கங்காருவின் இஷ்டம். பிரயாண எழுத்தாளர்கள் அங்கே சற்று அதிக நேரம் நிற்கலாம். நம் விருப்பத்துக்கு இணங்காத பாத்திரத்தை எழுதப் பழகுவதற்கு அது நல்ல இடம்.